உணர்ச்சி வெள்ளத்தை நெறிப்படுத்தும் பயிற்சி

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவற்றை அனுபவிக்க வேண்டிய மனிதனின் உள்ளம் நிலைகுலைந்து போனால், இவற்றால் விளையும் நன்மை குறைந்துவிடுகிறது. வரப்புத் தகராறில் ஒரு கணம் ஓங்கிய கை, இரண்டு குடும்பங்களைப் பல ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நிற்க வைக்கிறது. கடன் கொடுத்தவர் நாலு பேர் முன்னிலையில் சொன்ன கடுஞ்சொல், ஒரு குடும்பத் தலைவனைத் தன் உயிரையே வெறுக்கும்படி செய்துவிடுகிறது. மறுநாள் எண்ணிப் பார்த்தால் வேறு வழிகள் பல தோன்றும். ஆனால் அந்த ஒரு நாழிகையில் வேறு எதுவும் தோன்றுவதில்லை. அந்த நாழிகையைக் கடப்பது எப்படி என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகும் பொருள்.

கோபமும் துயரமும் அவமானமும் பொங்கி எழும்போது நிலைத்து நிற்பது பிறவிக் குணம் என்றே பலரும் கருதுகின்றனர். "அவருக்கு நிதானம் உண்டு, இவருக்கு இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நிதானம் என்பது நீச்சலைப் போலக் கற்றுக்கொள்ளக் கூடிய ஒரு பயிற்சியே என்பதை மனநல அறிஞர்கள் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். இத்தகைய பயிற்சி முறைகளுள் மிகுதியாக ஆராயப்பட்ட ஒன்று, அமெரிக்காவில் தோன்றிய டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி என்பதாகும். இதனைச் சுருக்கமாக டி.பி.டி. என்பர். தமிழில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்று வழங்குகின்றனர்.

இம்முறை தோன்றிய வரலாறு

இம்முறையை வகுத்தவர் மார்ஷா லினஹான் என்னும் அம்மையார். இவர் 1943ஆம் ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த டல்சா நகரில் பிறந்தவர். பிற்காலத்தில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். வாழ்வையே வெறுத்துத் தம்மைத் தாமே துன்புறுத்திக் கொள்பவர்களுக்கும், மீண்டும் மீண்டும் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்பவர்களுக்கும் பயன்படும் சிகிச்சை ஒன்றைக் காண வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அக்காலத்தில் இத்தகையோருக்குச் சிகிச்சை அளிப்பது மிகக் கடினம் என்று மருத்துவர்கள் பலர் ஒதுங்கியிருந்தனர்.

இந்த நோக்கத்தின் காரணத்தை உலகம் 2011ஆம் ஆண்டில்தான் அறிந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டு நகரிலுள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் 1961ஆம் ஆண்டு, தமது 17ஆவது வயதில், தாமே நோயாளியாகச் சேர்க்கப்பட்டதை அவர் அவ்வாண்டில் பகிரங்கமாகக் கூறினார். அங்கே இரண்டாண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறார். தனியறையில் அடைத்து வைக்கப்பட்டும், மின்னதிர்ச்சியும் மருந்துகளும் கொடுக்கப்பட்டும், தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளும் துடிப்பு அவரை விட்டு நீங்கவில்லை. நாம் இந்த நரகத்திலிருந்து மீண்டால், பிறரையும் மீட்கத் திரும்பி வருவோம் என்று அவர் உறுதி பூண்டார். தாம் நோயாளியாகக் கிடந்த ஹார்ட்ஃபர்டு மருத்துவமனைக்கே சென்று, அங்கே கூடியிருந்தோர் முன் இதனைக் கூறினார்.

பெயரின் பொருள்

லினஹான் அம்மையார் முதலில், கெட்ட பழக்கத்தை மாற்றி நல்ல பழக்கத்தைப் புகட்டும் முறையையே கையாண்டார். "இதை மாற்றிக்கொள், அதை விட்டுவிடு" என்று சொல்லும்போது, நோயாளிகள் தங்களையே குற்றவாளிகளாக்குவதாக எண்ணிச் சினந்தனர். சிலர் சிகிச்சையை விட்டே போயினர். பிறகு, ஒன்றையும் மாற்றச் சொல்லாமல், அவர்களுடைய துன்பத்தைக் கேட்டு ஆறுதல் மட்டும் கூறிப் பார்த்தார். அப்போதும் அவர்கள் நிறைவடையவில்லை. "எங்கள் துன்பம் தீர வழியே இல்லையா?" என்று சோர்ந்தனர். ஆகவே, ஏற்றுக்கொள்ளுதல், மாற்றுதல் என்னும் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். எதிரெதிராகத் தோன்றும் இரண்டு உண்மைகளை இணைத்து அவற்றினின்றும் மூன்றாவது வழி ஒன்றைக் காண்பதற்கே டயலெக்டிக் என்று பெயர். ஏற்றுக்கொள்ளும் பயிற்சிக்கு ஜென் பௌத்தத் தியானத்திலிருந்து அவர் பல கூறுகளை எடுத்துக்கொண்டார்.

இது உழவர்களுக்குப் புதிதன்று. மழை பொய்த்துவிட்டது என்ற உண்மையை உழவன் ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்டதனால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதில்லை. நெல்லுக்குப் பதிலாகக் கேழ்வரகோ உளுந்தோ விதைக்கலாமா என்று பார்க்கிறான். மழை பெய்யவில்லை என்பதை ஏற்க மறுத்து வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பவனுக்கு மாற்றுப் பயிர் தோன்றாது. உள்ளத்தின் காரியமும் இப்படியே. இம்முறையைக் கற்பிப்பவர்கள் இரண்டு கருத்துக்களை ஒருசேர மனத்தில் கொள்கின்றனர். ஒவ்வொருவரும் தம் நிலையில் இயன்றதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார் என்பது ஒன்று. அவர் இன்னும் நன்றாகச் செய்யவும், இன்னும் முயலவும் வேண்டும் என்பது மற்றொன்று.

உணர்ச்சி பொங்குவது ஏன்?

சிலருக்கு உணர்ச்சி எளிதில் பற்றிக்கொள்கிறது. பற்றியது மிகுந்து எரிகிறது. அணைவதற்கும் நெடுநேரம் பிடிக்கிறது. இது உடலமைப்பைச் சார்ந்தது. இத்தகைய ஒருவர் வளரும் வீட்டிலோ வாழும் ஊரிலோ, அவருடைய உணர்ச்சியை மதியாமல், "இதற்கெல்லாமா அழுவார்கள்?", "நடிக்கிறான்" என்று தொடர்ந்து தள்ளிவிட்டால், தம் உணர்ச்சிக்குப் பெயரிடவும் அதனைத் தணிக்கவும் அவர் கற்றுக்கொள்வதில்லை. அடங்கிக் கிடப்பது அல்லது வெடித்துச் சிதறுவது என்னும் இரண்டே வழிகள் அவருக்குத் தெரிகின்றன. இவ்விரு காரணங்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது லினஹான் அம்மையாரின் கொள்கை. ஆகவே குறையை ஒருவர் தலைமேல் மட்டும் சுமத்துவதற்கில்லை. சுற்றியிருப்போரின் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு.

நான்கு பாடங்கள்

இம்முறையில் கற்பிக்கப்படும் பாடங்கள் நான்கு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதற் பாடம்: கவனத்தோடு இருத்தல். நம் உள்ளத்தில் நிகழ்வதை, நன்று தீது என்று தீர்ப்பு வழங்காமல், உள்ளபடி பார்ப்பதே இது. "அவன் என்னை ஒழிக்கப் பார்க்கிறான்" என்பது தீர்ப்பு. "அவன் மடையை அடைத்தான், என் நெஞ்சு படபடக்கிறது, எனக்குக் கோபம் வருகிறது" என்பது உள்ளபடி பார்ப்பது. உணர்ச்சிக்குச் சரியான பெயர் இட்டவுடனேயே அதற்கும் நமக்கும் இடையே சிறிது இடைவெளி உண்டாகிறது. உணர்ச்சி மட்டும் ஆளும் மனம் ஒன்று. கணக்கு மட்டும் பார்க்கும் மனம் மற்றொன்று. இவ்விரண்டும் கூடி முடிவு செய்யும் மனத்தையே தெளிந்த மனம் என்று இப்பயிற்சி கூறுகிறது. நாள்தோறும் சில நிமிடம் மூச்சு போய் வருவதை மட்டும் கவனித்திருப்பது இதற்கு நல்ல தொடக்கமாகும். மனம் வேறெங்கோ ஓடினால், அதற்காக நம்மை நாமே நொந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வரவேண்டும்.

இரண்டாம் பாடம்: துயரைத் தாங்குதல். நான்கனுள் உயிரைக் காப்பது இதுவே. சிக்கலை இந்த நிமிடமே தீர்க்க முடியாதபோது, நிலைமையை மேலும் கெடுத்துக் கொள்ளாமல் அந்த வேளையைக் கடப்பதுதான் இதன் நோக்கம். வெள்ளம் கரை புரண்டு ஓடும்போது யாரும் வாய்க்கால் வெட்டப் போவதில்லை. மேட்டில் ஏறி நின்று வடியும் வரை பொறுத்திருக்கிறோம். உணர்ச்சியும் ஏறும், உச்சத்தை அடையும், பிறகு இறங்கும். உச்சத்தில் நிற்கும்போது அது இறங்கவே இறங்காது என்று தோன்றுவதுதான் அதன் மாயம்.

இதற்கு முதற்படி நான்கு சொற்களில் அடங்கும்: நில், விலகு, கவனி, பிறகு செல். கையும் காலும் நாவும் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு ஓர் அடி பின்வாங்கி அவ்விடத்தை விட்டு விலக வேண்டும். வெளியில் என்ன நடக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நமக்கு வேண்டிய பயன் எது என்று எண்ணிய பின்னரே அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

உடல் கொதித்துக் கொண்டிருக்கும்போது மனத்தால் மட்டும் நிற்க இயலாது. ஆகவே உடலின் வழியாகவே உடலைத் தணிக்கும் முறைகளும் உண்டு. அகன்ற பாத்திரத்தில் குளிர்ந்த நீரை வைத்து, மூச்சை அடக்கி, முகத்தைச் சுமார் 30 விநாடி அதில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு குறைகிறது. நீரில் மூழ்கும்போது உடலில் இயல்பாக ஏற்படும் மாறுதலே இதற்குக் காரணம். ஈரத் துணியைக் கண்களின் மேலும் கன்னங்களின் மேலும் வைத்துக்கொள்வதும் உதவும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் நீரில் முகம் அமிழ்த்தும் முறையைச் செய்யலாகாது. வேகமாக நடப்பதும் உடல் வியர்க்க உழைப்பதும் பொங்கிய விசையைச் செலவழிக்கும். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுவது மற்றொரு முறை. வெளிவிடும் மூச்சு நீண்டிருப்பதே இதில் முக்கியம். ஐந்து நிமிடம் செய்தாலே வேறுபாடு தெரியும்.

இப்பாடத்தின் இறுதிப் பகுதி, உண்மையை முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளுதல். ஏற்றுக்கொள்வது வேறு, ஒப்புதல் தருவது வேறு. "கிணறு வற்றிவிட்டது, கடன் இருக்கிறது, இதுவே இன்றைய நிலை" என்று ஏற்பது, அது நியாயம் என்று சொல்வதாகாது. "இப்படி நடந்திருக்கவே கூடாது" என்று உள்ளுக்குள் போராடிக் கொண்டிருப்பதால், இருக்கும் வலியோடு வேதனையும் சேர்ந்துவிடுகிறது. வலியை நாம் தவிர்க்க முடியாமற் போகலாம்; அந்த வேதனையைக் குறைக்க முடியும்.

மூன்றாம் பாடம்: உணர்ச்சியை நெறிப்படுத்துதல். உணர்ச்சி பகையன்று. அச்சம் ஆபத்தை அறிவிக்கிறது. கோபம் தடையை அகற்றத் தூண்டுகிறது. துயரம் இழந்ததன் அருமையை உணர்த்துகிறது. ஆனால் உணர்ச்சி சொல்வதெல்லாம் உண்மையென்று கொள்ளலாகாது. முதலில் நடந்ததை ஆராய வேண்டும். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரிக்க வேண்டும். உணர்ச்சி உண்மைக்குப் பொருந்தினால், சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் இறங்க வேண்டும். பொருந்தவில்லையாயின், அல்லது அதன்படி நடப்பதால் பயனில்லையாயின், அது தூண்டுவதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும்.

இந்த நேர்மாறான செயல் என்பது மிகவும் பயன் தருவது. கடன் பட்ட ஒருவர் வெட்கத்தால் தெருவில் நடப்பதை விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். சங்கக் கூட்டத்துக்குப் போவதில்லை; உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. ஒளிந்து கொள்ளக் கொள்ள வெட்கம் வளர்கிறது. மழையின்றிப் பயிர் காய்ந்ததால் கடன் பட்டது ஒழுக்கக் கேடு அன்று. ஆகவே இந்த வெட்கம் உண்மைக்குப் பொருந்தவில்லை. அவர் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க வேண்டும். தேநீர்க் கடையில் உட்கார வேண்டும். தம் நிலையை நம்பிக்கைக்குரிய இருவரிடமாவது சொல்ல வேண்டும். முதல் நாள் கடினமாக இருக்கும். பலமுறை செய்யச் செய்ய வெட்கம் தளர்கிறது. இவ்வாறே, சோர்வு படுக்கச் சொல்லும்போது எழுந்து வேலையில் இறங்குவதும், கோபம் தாக்கச் சொல்லும்போது மெல்ல விலகுவதும் நேர்மாறான செயல்களாம்.

உடலைப் பேணாதவருக்கு உள்ளம் எளிதில் கலங்கும். ஆதலால் நோய்க்குச் சிகிச்சை பெறுதல், வேளைக்கு உண்ணுதல், போதிய உறக்கம், உடற்பயிற்சி, மதுவை விலக்குதல் ஆகியவையும் இப்பாடத்தில் அடங்கும். கவலையை மறக்கக் குடிப்பவர், நிதானத்தைத்தான் முதலில் இழக்கிறார்.

நான்காம் பாடம்: பிறரோடு பேசிப் பழகுதல். நமக்கு வேண்டியதைக் கேட்கவும், உறவு கெடாமல் மறுக்கவும், நம் மதிப்பை நாமே காக்கவும் இது கற்பிக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தவணையை நீட்டித்துக் கேட்கப் போகும் ஒருவர் இப்படிப் பேசலாம்: "ஐயா, இந்தப் போகம் கதிர் வரும் சமயத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. பாதிக்கு மேல் பதராகப் போயிற்று. தவணை நாள் நெருங்குவதால் எனக்கு மிகுந்த கவலையாக இருக்கிறது. தவணையை மாற்றிக் கொடுக்க விதியில் இடமுண்டா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன். அவகாசம் கிடைத்தால் அடுத்த அறுவடையில் தவறாமல் கட்டிவிடுவேன்." நடந்தது, தம் நிலை, வேண்டுகோள், அதனால் விளையும் நன்மை ஆகிய நான்கும் இதில் வரிசையாக வந்திருப்பதைக் காணலாம். கெஞ்சுதலும் இல்லை, மிரட்டுதலும் இல்லை. மறுத்தால் "பாதித் தவணையாவது இப்போது வாங்கிக்கொள்ள இயலுமா?" என்று பேரம் பேசவும் இடமிருக்கிறது.

உடைப்பைத் தேடுதல்

ஏரிக்கரை உடைந்தால், உடைந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. எலிவளை எங்கே இருந்தது, கசிவு எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்க்கிறோம். இம்முறையிலும் அவ்வாறே ஒரு தவறான செயல் நிகழ்ந்தபின் அதன் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக ஆராய்கின்றனர். உதாரணமாக, ஒருவர் மாலையில் பக்கத்து வயல்காரரை அரிவாளை ஓங்கி மிரட்டினார் என்று வைத்துக் கொள்வோம். முதல்நாள் இரவு முழுவதும் அவர் நீர்முறைக்காகக் கண் விழித்தார். காலையில் உண்ணவில்லை. பகலில் கடன்காரர் வந்து போனார். மாலையில் தம் முறையின்போது மடை அடைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். "எல்லாரும் என்னை ஏய்க்கிறார்கள்" என்ற எண்ணம் எழுந்தது. உடல் நடுங்கியது. கையில் அரிவாள் இருந்தது. பிறகு நடந்தது மேற்சொன்ன செயல்.

இதில் எத்தனை இடத்தில் சங்கிலியை அறுத்திருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். உண்டு உறங்கியிருந்தால் தாங்கும் வலிமை கூடியிருக்கும். மடையை அடைத்தவர் யார் என்று விசாரித்திருந்தால், சருகும் மண்ணும் சேர்ந்து தானாக அடைபட்டதாகவும் இருக்கலாம். அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி விலகியிருந்தால், பேச்சோடு போயிருக்கும். இறுதியாக, மறுநாள் சென்று மன்னிப்புக் கேட்டு நேர்ந்த தீங்கைச் சரிசெய்வதும் இந்த ஆராய்ச்சியின் ஒரு பகுதியே. அன்றன்று எழுந்த உணர்ச்சியையும் அதன் அளவையும் கையாண்ட பயிற்சியையும் நாட்குறிப்பில் பதிவு செய்து வருமாறும் கற்பிக்கின்றனர். வரவு செலவுக் கணக்கு எழுதுபவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

பயன் எவ்வளவு?

இம்முறையைப் பற்றிய முதல் பெரிய ஒப்பாய்வு 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டுக் காலம் இச்சிகிச்சை பெற்ற பெண்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடத் தம்மைத் துன்புறுத்திக் கொண்டது குறைவு. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைவு. 2006ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் 101 பெண்கள் பங்கு கொண்டனர். அனுபவம் மிக்க வேறு மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், இம்முறையில் பயின்றவர்களிடையே தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாயிற்று. திறன்களைக் கற்பிக்கும் வகுப்பே இச்சிகிச்சையில் முக்கியமான பகுதி என்பதை 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

இதன் எல்லையையும் அறிந்திருப்பது நலம். முழுச் சிகிச்சை என்பது, பயிற்சி பெற்ற நிபுணரோடு வாரந்தோறும் தனிச் சந்திப்பு, வாரந்தோறும் வகுப்பு, நெருக்கடி வேளையில் தொலைபேசி வழியாக வழிகாட்டல், நிபுணர்கள் தமக்குள் கூடி ஆலோசித்தல் ஆகிய நான்கும் சேர்ந்தது. ஒரு கட்டுரையைப் படிப்பது அதற்கு ஈடாகாது. கடும் மனநோய் உள்ளவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முறை. அன்றியும், மூச்சுப் பயிற்சியால் கடன் தீராது. வாய்க்காலில் தண்ணீரும் வாராது. துன்பத்துக்கு உண்மையான காரணம் இருக்குமிடத்தில் அந்தக் காரணத்தைக் களைய வேண்டும். அதற்கு வேண்டிய தெளிவையும் உயிரோடு இருக்கும் அவகாசத்தையும் இப்பயிற்சி அளிக்கிறது.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியவை

முதலாவது, செவி கொடுத்தல். துயருற்று வருபவரிடம், "தைரியமாக இரு" என்று உடனே புத்தி சொல்லுதல் கூடாது. "இத்தனை நஷ்டம் வந்தால் யாருக்கும் மனம் உடையத்தான் செய்யும்" என்று அவருடைய உணர்ச்சிக்குக் காரணம் உண்டென்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகே வழியைப் பேச வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறதா என்று நேராகவும் பரிவோடும் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆம் என்று சொல்பவரைத் தனியே விடலாகாது.

இரண்டாவது, இடைவெளியை உண்டாக்குதல். உணர்ச்சியின் உச்சம் நெடுநேரம் நீடிப்பதில்லை என்று கண்டோம். அந்த வேளையில் பூச்சி மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதிருப்பது உயிரைக் காக்கும். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், பூச்சி மருந்துகளை வீட்டில் வையாமல் ஊருக்குப் பொதுவான கிடங்கில், பூட்டுடைய தனித்தனிப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தனர். குடியானவர்கள் அதனை ஏற்றுப் பயன்படுத்தினர் என்றும், அவ்வூர்களில் இத்தகைய சாவுகள் குறைந்தன என்றும் 2013ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறுகிறது. இது சிறிய ஆய்வுதான். இலங்கையின் அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்ததால் மட்டும் பயன் தென்படவில்லை என்று 2017இல் வெளியிட்டனர். சாவியும் பெட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் இடைவெளி ஏது? ஆகவே மருந்தை வீட்டுக்கு வெளியே, பொறுப்பாளர் ஒருவரின் பார்வையில் வைப்பது பற்றிப் பஞ்சாயத்துகள் ஆலோசிக்கலாம்.

மூன்றாவது, உதவி கிடைக்கும் இடத்தை யாவரும் அறியச் செய்தல். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழிலேயே பேசி அணுகலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. இவ்வெண்களைப் பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம், பூச்சி மருந்துக் கடை ஆகியவற்றின் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரும் அரசு மருத்துவமனையும் மேற்கொண்டு வழிகாட்டுவர்.

நான்காவது, வீண் அச்சத்தைப் போக்குதல். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைப் போலீஸ் வழக்கு வருமென்று அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தயங்குவோர் உண்டு. 2018ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கலாகாது என்றும் கூறுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் விதிக்கிறது. காலந் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உற்றாரின் கடமை.

முடிவுரை

கரையை வெள்ளம் வந்தபின் கட்ட முடியாது. கோடையிலேயே மண் போட வேண்டும். நிதானப் பயிற்சியும் மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே பழக வேண்டியது. மகளிர் குழுக்களிலும் உழவர் மன்றங்களிலும் பள்ளிகளிலும் வாரத்தில் அரைமணி நேரம் இதற்கென ஒதுக்கினால் செலவு ஒன்றும் இல்லை. "நில், விலகு, கவனி, பிறகு செல்" என்னும் நான்கு சொற்களை ஊரில் ஒவ்வொருவரும் அறிந்திருந்தால், சில வழக்குகள் குறையும். சில வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்.

கூட்டத்தில் கலந்து ஆலோசிக்க வேண்டியவை

1. சென்ற ஆண்டில் நம் ஊரில் நேர்ந்த ஒரு தகராறை, யார் பெயரையும் குறிப்பிடாமல், கண்ணி கண்ணியாக ஆராய்ந்தால் எந்த இடத்தில் அதனை நிறுத்தியிருக்கலாம்?

2. நம் ஊரில் பூச்சி மருந்துகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? பொதுக் கிடங்குக்கு ஏற்ற இடமும் பொறுப்பாளரும் உண்டா?

3. கடன், பயிர் இழப்பு, குடும்பத் துயரம் ஆகியவற்றால் ஒதுங்கி வாழ்பவர்களை நேரில் சென்று காணும் பொறுப்பை ஏற்பவர் யார்?

4. 14416, 104 ஆகிய எண்களை எந்தெந்தச் சுவர்களில் எழுதுவது? எந்த நாளுக்குள் எழுதி முடிப்பது?